பாறைக்குளத்தின் மேல் ஒரு சிவப்புக் குடை

நான் ஏறிய பேருந்து களியக்காவிளையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கேரளத்துப் பேருந்து. நடுவில் நடந்து கடக்கிற தூரம்தான் என்றாலும் எனக்கு வேறு நாட்டுக்குள் நுழைகிற பதற்றம் இருந்தது. திருச்சியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்தபோது ‘மகளைப் பார்க்க’ என்று மட்டும்தான் காரணம் சொல்லியிருந்தேன். மகள் ஷூ போட்டுக்கொண்டு நீந்துகிறாள், நனைந்த துணியோடு ஓடுகிறாள், அதைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதினால் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்திருப்பார்.

யாழினிக்குத் திருவனந்தபுரத்தில் கணினி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்யாற்றின்கரைப் பக்கம் வந்து ஒரு ஸ்விம்ரன் குழுவோடு சேர்ந்துகொள்வாள். ஒரு குளத்தில் நீந்தி, கரையேறி, அப்படியே ஓடி, அடுத்த குளத்தில் இறங்க வேண்டும். துணி மாற்றுவது, ஷூவைக் கழற்றுவது எதுவும் கிடையாது. இரண்டு பேர் ஒரு ஜோடி. இருவர் இடுப்பையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். தண்ணீரில் நன்றாக நீந்துகிறவர் முன்னால், தரையில் நன்றாக ஓடுகிறவர் முன்னால். நீரில் யாழினி முன்னால் போவாள். நிலத்தில் ஷைனி.

ஷைனி குன்னத்துகால்காரப் பெண். நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாதக் கடைசியில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறாள். அதனால் இந்த ஆண்டின் கடைசிப் பந்தயம்தான் இவர்கள் சேர்ந்து ஓடும் கடைசிப் பந்தயமும்.

இந்த ஆண்டு குழுவுக்கு நான்கு பந்தயங்கள். நான்கில் மூன்றை முடிக்கும் ஜோடியின் பெயரைக் குழுவின் அறைச் சுவரில் பெயின்டில் எழுதுவார்கள். பரிசு, கோப்பை எல்லாம் கிடையாது. அந்தச் சுவர்தான் எல்லாம். முதல் பந்தயம் காயலில் நடந்தது. இரண்டாவது கடலோரம். இரண்டையும் இவர்கள் முடித்தார்கள். நான் படங்களில் பார்த்தேன். மூன்றாவது ஓர் அணையின் தேக்கத்தில். அதற்குத்தான் முதல்முறையாக நேரில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

பாதித் தண்ணீரில் யாழினிக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. கரையிலிருந்து பார்த்த எனக்கு அது தெரியாது. இரண்டு மஞ்சள் தொப்பிகளில் ஒன்று காணாமல் போனதுதான் தெரிந்தது. மறுபடி தெரிந்தது, மறுபடி காணவில்லை. பின்னால் வந்த ஷைனி கயிற்றைப் பிடித்து இழுத்து, படகு வரும்வரை அவள் தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்கிக்கொண்டிருந்தாள். கரையில் கிடத்தியபோது யாழினி தண்ணீராகக் கக்கினாள். அன்று அவள் சொன்ன ஒரு வார்த்தை என்னை விடவில்லை.

“தலையைத் தூக்கிப் பாத்தேம்மா. கரையில யாருமே தெரியல. எல்லாம் ஒரே பச்சை.”

அதன் பிறகு இரவில் விழிப்பு வந்தால் நான் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை இறுக்கி மூடுவேன். அது மூடித்தான் இருக்கும்.

பாறசாலையில் வண்டி மாறி, வெள்ளறடை போகும் பேருந்தில் ஏறினேன். குன்னத்துகாலில் இறக்கிவிடச் சொல்லி நடத்துனரிடம் கேட்டிருந்தேன். அவரும் சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் சாலையோரக் குளங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு ஒரு குளம். எங்கள் ஊரில் குளத்தைப் பார்த்தால் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். இங்கே நான் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று பார்த்தேன். கடைசியில் பனச்சமூட்டில் இறக்கிவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்த அளவில், “பாவம், யாரையோ ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறாள் போலிருக்கிறது, முகத்தைப் பார்” என்றாள் ஒருத்தி. “இல்லை, கல்யாணத்துக்கு. பட்டுப்பை வைத்திருக்கிறாள்” என்றாள் மற்றவள்.

பனச்சமூடு சந்திப்பில் சில கடைகளில் தமிழ்ப் பலகை, சில கடைகளில் மலையாளப் பலகை. மழை மட்டும் எல்லாக் கடைக்கும் சமமாகப் பெய்தது. ஒரு கடையில் ஒதுங்கினேன். உள்ளே குடைகள் தொங்கின. பெரும்பாலும் கறுப்பு. மூலையில் ஒன்று நல்ல சிவப்பு. அதைக் கேட்டேன்.

“கறுப்பு எடுங்க. வெயிலுக்கும் ஆவும், மழைக்கும் ஆவும். இது ரெண்டு மழையில வெளுத்துப் போவும், கேட்டியளா” என்றார் கடைக்காரர்.

தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. விரித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தார்.

என்னை அழைத்துப் போக ஷைனியின் அப்பா ஞானதாஸ் ஆட்டோவில் வந்தார். ஆட்டோ அவருடையதுதான். முன்கண்ணாடியில் ஒரு சிலுவையும், அதன் பக்கத்தில் மகள் ஓடுகிற படமும் ஒட்டியிருந்தார். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்ததை அவர் பெரிய தமாஷாக எடுத்துக்கொண்டார். வழி நெடுகத் தெரிந்தவர்களிடமெல்லாம் ஆட்டோவை மெதுவாக்கி, “டீச்சருக்கு ஊரச் சுத்திக் காட்டுதேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அணையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவருடைய மகளும் அதே கயிற்றில்தானே இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு அவர்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். திருச்சியில் இந்த மரவள்ளிக் கிழங்கைச் சிப்ஸாக மட்டும்தான் தின்றிருக்கிறேன். இங்கே வேகவைத்து உடைத்து, தேங்காய் சேர்த்து, அதன் மேல் சிவக்கச் சிவக்க மீன் குழம்பை ஊற்றினார்கள். ஷைனியின் அம்மா என் தட்டு காலியாவதற்குக் காத்திருக்கவே இல்லை. பெண்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து நான்கு பேர் சாப்பாட்டைத் தின்றார்கள். நடுவில் யாழினி என்னைப் பார்த்து, நாளைக்கு வரப்போகிறாயா, இல்லை, வீட்டில் இருந்து ஜெபம் பண்ணப் போகிறாயா என்று கேட்டாள். வருவேன் என்றேன். சிவப்புக் குடையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும்போது அவளாகவே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலைப் பந்தயம் இவர்கள் குழுவே நடத்துவது. மற்ற மூன்றும் வெளியாட்கள் பெரிய அளவில் நடத்தியவை. அணையில் ஆரஞ்சு நிறத்தில் ஆள் உயர மிதவைகளைப் போட்டிருந்தார்கள். இங்கே அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. குழுவின் செயலாளர் பினு ஒரு விசிலும், தோளில் ஒரு துண்டுமாக நின்றார். சீருடை இல்லாமல் நான்கு தீயணைப்பு வீரர்கள் லாரி டியூப்களோடு நின்றார்கள். விடுமுறை நாளில் உதவிக்கு வந்தவர்களாம். சாயாக்கடையில் ஒரு பெரியவர் இன்னொருவரிடம் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: “செருப்போடு குளத்தில் இறங்கினால் முன்பு அடிப்பார்கள். இப்போது கை தட்டுகிறார்கள்.”

விசில் ஊதியதும் ஜோடிகள் தண்ணீரில் விழுந்தன. நானும் ஞானதாஸும் ஆட்டோவில் ஏறினோம். அவர்கள் வயலும் ரப்பர் தோட்டமுமாகக் குறுக்கே போவார்கள். நாங்கள் சாலை வழியே சுற்றிப் போய் அடுத்த குளத்தில் அவர்களைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவே முடியவில்லை.

இரண்டாவது குளத்துக்குப் போகிற வழியில் ஒரு கல்யாண ஊர்வலம் மறித்தது. போய்ச் சேர்ந்தபோது படித்துறையில் ஈரக் காலடிகள் மட்டும் இருந்தன. ஒரு பெண் சிவப்புக் குடை ஒன்றை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கும் கடைக்காரர் கறுப்பை எடுக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. மூன்றாவது இடம் ஒரு வாய்க்கால். அங்கே போகும் வழியில் டயர் பஞ்சர். ஞானதாஸ் ஸ்டெப்னியை மாட்டும்வரை ரப்பர் மரத்தடியில் நின்றேன். வாய்க்காலை எட்டியபோது தார்ச்சாலையில் ஈர ஷூத் தடங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே சீராக. இதில் என் பெண்ணுடையது எது என்று கேட்டேன்.

“பின்னால ஊணிப் பதிஞ்சிருக்குல்லா, அது. நம்ம புள்ள முன்னால இழுத்துட்டுப் போறா ஆக்கும். கோழி போல ஓடுவா” என்றார் ஞானதாஸ். “பேடிக்காதீங்க டீச்சர். தடம் ரெண்டு சோடி உண்டு. அது போதும்.”

நேரத்தோடு போகிறார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். மிச்சமிருப்பது பாறைக்குளம் ஒன்றுதான். அதை நீந்திக் கடந்து, ஒரு மேட்டில் ஓடி ஏறினால் முடிந்தது. பினு ஒரு நேரம் வைத்திருந்தார். அந்த விசிலுக்குள் பாறைக்குளத்தைவிட்டு ஏறாத ஜோடியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இந்த வேகத்தில் போனால் சாயா குடித்துவிட்டுக்கூட ஏறலாம் என்றார் ஒருவர்.

பாறைக்குளம் என்பது கல் உடைத்துவிட்டுப் போன குவாரி. பள்ளத்தில் ஆண்டுக்கணக்காக மழைநீர் நின்று குளமாகிவிட்டது. சுற்றிலும் வெட்டிய பாறைச் சுவர். முன்பு லாரிகள் இறங்கின சரிவு ஒன்று உண்டு. அது ஒன்றுதான் ஏறுவதற்கு வழி. ஞானதாஸ் இந்த முறை தோட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்கு வழியில் ஆட்டோவை ஓட்டினார். அன்று முதல்முறையாக நாங்கள் முந்திவிட்டோம். எதிர்க்கரையில் எங்கள் பெண்கள் இன்னும் வந்து இறங்கவில்லை.

என்னை இறங்கச் சொல்லிவிட்டு, சேற்றிலிருந்து வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு வருவதாகச் சொன்னார். இடது பக்கப் பாதையில் போனால் சரிவு வரும், அங்கே நில்லுங்கள் என்றார். நான் இடது பக்கம்தான் போனேன். ஆனால் கொஞ்சம் போனதும் புதர்கள் மறைத்தன, தண்ணீர் தெரியவில்லை. தண்ணீர் தெரியாத இடத்தில் நிற்க என்னால் ஆகாது. திரும்பி வந்து வலது பக்கமாகப் பாறை மேல் ஏறினேன். அங்கிருந்து குளம் முழுவதும் உள்ளங்கை போல் தெரிந்தது. மழை மறுபடி பிடித்தது. குடையை விரித்தேன்.

எதிர்க்கரையில் இரண்டு மஞ்சள் தொப்பிகள் இறங்கின. யாழினி முன்னால். அழகாகத்தான் வந்தாள். காவிரிக் கரையில் பிறந்த பெண். நான் பயந்து பயந்து ஆற்றுக்கு அனுப்பாமல் வளர்த்தேன், அவள் கல்லூரி நீச்சல் குளத்தில் போய்க் கற்றுக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு கை போட்டதும் தலையைத் தூக்கி முன்னால் பார்ப்பாள். மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் புதைப்பாள். ஒருமுறை அப்படித் தூக்கியபோது நான் குடையை ஆட்டினேன். இடமும் வலமுமாக, நன்றாகத் தெரிகிற மாதிரி ஆட்டினேன். இதோ இருக்கிறேன், கரையில் ஆள் இருக்கிறது என்று.

அவள் கொஞ்ச நேரம் அசையாமல் மிதந்தாள். பிறகு என்னை நோக்கி வரத் தொடங்கினாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அணையில் அவளுக்குக் கிடைக்காதது இன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் வந்த ஷைனி இடது பக்கமாக விலகி விலகிப் போனாள். நடுவில் கயிறு நாண் மாதிரி இறுகி, தண்ணீரைச் சொட்டிக்கொண்டு மேலே எழும்பியது. பாவம், அந்தப் பெண் களைத்துவிட்டாள், நேராக வரக்கூடத் தெம்பில்லை என்று எண்ணினேன். யாழினி அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் கீழேயிருந்து ஞானதாஸின் குரல் கேட்டது. புதர்களைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

“டீச்சரே, கொடைய மடக்குங்க. கொடைய மடக்குங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கையைக் காட்டிய பிறகுதான் பார்த்தேன். புதர்களுக்கு அப்பால், லாரிச் சரிவின் உச்சியில், ஒரு மூங்கில் கழியில் விரித்துக் கட்டியிருந்தது இன்னொரு சிவப்புக் குடை. மிதவை வாங்க வசதியில்லாத குழு. இவர்கள் பந்தயத்தில் ஏறுகிற இடத்துக்கு அதுதான் அடையாளம். ஒவ்வொரு குளத்திலும் அதுதான் அடையாளம். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினால் சிவப்பைப் பார், சிவப்புக்கு நீந்து. இங்கே எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

குடையை மடக்கினேன். அதற்குள் அவர்கள் என் காலடிக்கு வந்துவிட்டார்கள். காலடி என்றால் செங்குத்தான பாறைச் சுவருக்குக் கீழே. இரண்டு ஆள் உயரம். பிடித்து ஏற ஒரு விளிம்புகூட இல்லை. யாழினி ஒரு கையால் பாறையைத் தொட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் மழை விழுந்தது. நான் குனிந்து கையை நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று தெரியவில்லை. அவள் என்னை உற்றுப் பார்த்தாள், தலை முதல் கால் வரை பார்ப்பது போல. பிறகு திரும்பிச் சரிவை நோக்கி நீந்தினாள். பின்னால் ஷைனி.

பாதி தூரத்தில் விசில் கேட்டது.

நான் இறங்கி ஓடியபோது அவர்கள் சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். படித்துறையில் பார்த்த அதே பெண் அவர்களிடமிருந்து மஞ்சள் தொப்பிகளை வாங்கிக்கொண்டாள். ஷைனி இடுப்பிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“ஆன்ட்டி, அங்ஙன நின்னா நாங்க எப்படி ஏறி வாறது? பல்லியா நாங்க?”

அவள் திட்டியிருக்கலாம். ஞானதாஸ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மகளுக்குத் துவட்டிவிட்டார். தப்பு தன்மேல்தான், வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று யாரிடமோ மலையாளத்தில் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, “அடுத்த வருஷம் டீச்சருக்குக் கறுப்புக் கொடை நான் வாங்கித் தாறேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஷைனிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இங்கே இல்லை என்பது யாருக்கும் மறக்கவில்லை.

சாயங்காலம் குழுவின் அறையில் கூட்டம். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. மறுபடியும் மரச்சீனி, இந்த முறை காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு. சம்மந்தி என்றால் எங்கள் துவையல்தான்; ஆனால் எங்கள் துவையல் கண்ணில் இவ்வளவு நீரை வரவழைக்காது. அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

பினு எழுந்து இந்த ஆண்டுப் பந்தயங்களைப் பற்றிப் பேசினார். நல்ல ஆண்டு இல்லை என்று ஆரம்பித்தார். காயல் சேற்றில் ஒரு ஜோடி மூன்று ஷூக்களை விட்டுவிட்டு வந்தது. கடலோரத்தில் ஜெல்லி மீன் கடித்து ஒருவர் முதுகு வரிக்குதிரையானது. அணையில் நடந்ததைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். அந்த இடத்தில் ஷைனியின் பெயரை மட்டும் சொன்னார், எல்லாரும் கொஞ்ச நேரம் கை தட்டினார்கள். இன்றைய பந்தயத்துக்கு வந்ததும், இனி அடையாளக் குடையில் வெள்ளைத் துணியும் சேர்த்துக் கட்டுவோம் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

முடித்த ஜோடிகளின் பெயரைச் சுவரில் எழுதினார்கள். அப்போது ஒருவர், இவர்களுடையதையும் எழுதிவிடலாமே, பாறைவரை வந்தவர்களுக்குச் சரிவுக்கு வரத் தெரியாதா என்று கேட்டார். பலர் ஆமாம் என்றார்கள். பினு தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஷைனியைப் பார்த்தார்.

வேண்டாம் என்றாள் ஷைனி. முடிக்காததை முடித்ததாக எழுதினால், ஜெர்மனியில் இருந்து நினைக்கும்போது அந்த ஒரு பெயர்தான் உறுத்தும் என்றாள். யாழினி தலையாட்டினாள். பினு தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்துக் கழுவினார். சுவரில் கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரி அளவு வெள்ளை இருந்தது. கூட்டம் முடியும்வரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை புட்டும் பயறும் பப்படமும். ஷைனி வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். யாழினி என்னைப் பாறசாலைவரை கொண்டுவந்து விட்டாள். களியக்காவிளைப் பேருந்துக்காக நின்றோம். குடை என் கைப்பையில் இருந்தது. இரவு முழுவதும் மனதில் அடுக்கி வைத்ததைச் சொன்னேன். என் குடையைப் பார்த்து நீ ஏமாந்துவிட்டாய், என்னால்தான் ஏமாந்தாய் என்றேன்.

அவள் சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

“நான் ஏமாறலம்மா. ரெண்டு குடையும் தெரிஞ்சுது.”

நான் கைப்பையின் வாயைப் பிடித்து மூடினேன்.

“ஒண்ணு ஆடாம நின்னுது. அதுதான் வழின்னு ஷைனி கயித்தை இழுத்துட்டே இருந்தா. எனக்கும் தெரியும். ஆனா இன்னொண்ணு அப்படி ஆடுச்சு. எதுக்கும்மா அப்படி ஆட்டுன? உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.”

பேருந்து வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஷைனிக்கு இது தெரியுமா என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கத் தேவையில்லை என்றும் தெரிந்தது. கயிற்றின் மறுமுனையில் இருந்தவள் அவள்தான். சரிவில் உட்கார்ந்து, பல்லியா நாங்கள் என்று சிரித்தவளும் அவள்தான்.

வண்டி நகர்ந்தபோது யாழினி கீழே நின்று கையசைத்தாள். என் கையும் பாதிவரை எழும்பியது. இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கண்ணுக்கு மறையும்வரை, ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.